பூனையோடு 1,300 கிலோமீட்டர்

பூனை குறுக்கே போனால் வாசல் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பவரைக் கேலி செய்யும் பழமொழியும் அதே வீடுகளில்தான் புழங்குகிறது. அந்தப் பழமொழி இப்போது ஏறக்குறைய நிஜமாகவே நடக்கிறது. வீடு மாறும் குடும்பத்தின் காரில், பின்சீட்டுக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள்ளிருந்து பூனை அலறுகிறது. சகுனம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அலறலை எப்படி நிறுத்துவது என்பதுதான் கவலை.

மும்பை செம்பூரில் இருபது வருடம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுச் சென்னைக்குத் திரும்பும் ஒரு தம்பதியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சாமான்கள் லாரியில் போய்விடும். துளசிச் செடி பக்கத்து ஃபிளாட்டுக்கு, பழைய சோஃபா வாட்ச்மேனுக்கு. கடைசியில் மிஞ்சுவது பூனை. எந்த உறவினரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “நாய் ஆளோடு போகும், பூனை வீட்டோடுதான் இருக்கும். அதை ஏன் இழுத்துக்கிட்டுப் போறீங்க? காம்பவுண்டிலேயே விட்டுட்டுப் போங்க, யாராவது பால் ஊத்துவாங்க.”

இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. எலி பிடிக்கவே வந்து, திண்ணையிலும் பரணிலும் வளர்ந்த பூனைகளைப் பார்த்துப் பழகியவர்கள். அந்தப் பூனைக்கு ஊர் முழுக்கச் சாப்பாடு இருந்தது. நான்காவது மாடியில், கிண்ணத்தில் வைத்ததை மட்டும் சாப்பிட்டு வளர்ந்த பூனையின் கதை வேறு. அதற்குக் காம்பவுண்டு என்பது ஜன்னல் வழியாகப் பார்த்த காட்சி மட்டுமே. தெருநாயிடமிருந்து எப்படித் தப்புவது என்று அதற்குத் தெரியாது. ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பூனைகள் அதைச் சேர்த்துக்கொள்ளவும் செய்யாது.

பூனைக்கு மனிதர்கள் முக்கியமில்லை என்ற நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வில், பூனைக்குட்டிகளை வளர்ப்பவரோடு ஒரு புதிய அறைக்குள் விட்டு, பிறகு அவரை இரண்டு நிமிடம் வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே வரச் செய்தார்கள். கைக்குழந்தைகளுக்குத் தாயிடம் உள்ள பிணைப்பை அளக்கப் பயன்படும் அதே முறை. வகைப்படுத்த முடிந்த குட்டிகளில் ஏறத்தாழ 64 சதவீதம், ஆளைக் கண்டதும் பதற்றம் தணிந்து, அவரைப் பக்கபலமாக வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. ஆக, பூனை ஆளோடும்தான் இருக்கிறது.

ஆனால் பழைய நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. பயணத்தில் எழும் சிக்கல் முழுவதும் அந்தப் பாதியிலிருந்துதான் வருகிறது. பூனைக்கு வீடு என்பது கண்ணால் பார்க்கும் இடம் என்பதைவிட மூக்கால் அறியும் இடம். கதவு நிலை, நாற்காலிக் கால், வீட்டுக்காரரின் கணுக்கால் என்று எல்லாவற்றிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பதித்து வைத்திருக்கிறது. அந்த வாசனை உள்ளவரை அது தன் இடம், பாதுகாப்பான இடம். காரில் அந்த வாசனை துளியும் இல்லை. பெட்ரோல், ரெக்ஸின், டாஷ்போர்டில் ஒட்டிய எலுமிச்சை வாசனைப் புட்டி என்று அந்நிய நெடிகள்தான். போதாததற்குக் காலுக்குக் கீழே தரை நடுங்குகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நகர்கிறோம்’ என்கிறது; கூடைக்குள் பார்க்கும் கண் ‘இல்லை’ என்கிறது. மனிதர்களுக்கு மலைப்பாதை பஸ்ஸில் குமட்டுவதும் இதே முரண்பாட்டால்தான்.

அதோடு, வீட்டுப் பூனை வாழ்நாளில் எத்தனை முறை காரில் போயிருக்கும்? ஊசி போட ஒரு முறை, அறுவை சிகிச்சைக்கு ஒரு முறை. பரணிலிருந்து கூடை இறங்கினால் டாக்டர் வீட்டுக்குப் போகிறோம் என்று அதற்குத் தெரியும். கூடையைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் பூனை பிடிவாதம் பிடிக்கவில்லை. நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். (வேண்டாத பூனையைக் கோணிச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டு வந்த தலைமுறையின் பூனைகளுக்கு இதைவிட மோசமான ஞாபகங்கள் இருந்திருக்கும்.)

எனவே நீண்ட பயணத்தின் வெற்றி தோல்வி நெடுஞ்சாலையில் தீர்மானமாவதில்லை. புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பு, வீட்டு ஹாலில் தீர்மானமாகிறது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. 22 பூனைகளில் பாதிக்கு ஆறு வாரங்களில் 28 முறை கூடைப் பயிற்சி கொடுத்தார்கள், மீதிக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் காரில் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போய், டாக்டர் மேஜையில் விட்டுப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பூனைகள் காரில் கண்கூடாக அமைதியாக இருந்தன. அடி, அதட்டல் எதுவும் இல்லை. பயிற்சிக்குப் பயன்பட்டது தின்பண்டம் மட்டுமே.

செய்முறை சுலபம்; பொறுமைதான் வேண்டும். கூடையைப் பரணிலிருந்து இறக்கி, சோப்பு நெடி இல்லாமல் கழுவிக் காயவைத்து, பூனை வழக்கமாகத் தூங்கும் மூலையில் வைத்துவிட வேண்டும். மேல்பாதியைக் கழற்றக்கூடிய கெட்டிப் பிளாஸ்டிக் கூடையாக இருந்தால் நல்லது. முதலில் கீழ்த்தட்டு மட்டும் போதும். அதில் ஒரு பழைய லுங்கியோ புடவைத் துண்டோ, வீட்டு மனிதர்களின் வியர்வை வாசனை போகாமல், துவைக்காமல் விரிக்க வேண்டும். பூனையைத் தூக்கி உள்ளே வைக்கவே கூடாது. தினமும் ஒரு கருவாட்டுத் துண்டோ வேகவைத்த கோழித் துணுக்கோ அதில் போட்டு வைத்தால் தானே வரும். ஒரு வாரத்தில் அங்கேயே படுக்கத் தொடங்கினால் மேல்மூடியை மாட்டலாம். அப்புறம் கதவு. அப்புறம் கதவைச் சாத்தி அரை நிமிடம், ஐந்து நிமிடம். பிறகு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு நடை. எந்தக் கட்டத்திலாவது பூனை பின்வாங்கினால் வீட்டுக்காரரும் ஒரு படி பின்வாங்க வேண்டியதுதான்.

கார்ப் பயிற்சி இதற்குப் பிறகு. முதல் நாள் நிற்கும் காரில் கூடையை வைத்துத் தின்பண்டம். இரண்டாம் நாள் என்ஜினை மட்டும் ஓடவிட்டு. அடுத்து காலனியைச் சுற்றி ஒரு வட்டம். நான்கைந்து முறை போய்வந்து, ஒவ்வொரு முறையும் பயணம் டாக்டரிடம் முடியாமல் வீட்டிலேயே முடிந்தால், கூடையின் பழைய கெட்ட பெயர் மெல்ல மறையும். சென்னைக்குப் போகிற கார் இன்னொரு காலனிச் சுற்று என்றே பூனைக்குத் தோன்ற வேண்டும். முதல் அரை மணிக்காவது அந்த எண்ணம் நீடித்தால் பெரிய லாபம்.

இந்தக் குட்டிப் பயணங்களில் இன்னொரு பயன் உண்டு. பூனைக்கு என்ன தொந்தரவு என்று தெரிந்துவிடும். எல்லா அலறலும் பயத்தால் வருவதில்லை. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகுவது, உதட்டை ஓயாமல் நக்குவது, பிறகு வாந்தி என்றால் அது குமட்டல். கண்மணி விரிந்து, காது தட்டையாகி, உடல் கூடையின் மூலையோடு ஒட்டிக்கொண்டால் அது பயம். பல பூனைகளுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். குமட்டினால் பயம் வரும், பயந்தால் குமட்டும். மருந்து வேறு வேறு என்பதால் டாக்டரிடம் போகும்போது எது முதலில் தெரிந்தது என்று சொல்ல முடிந்தால் நல்லது. செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

மருந்து விஷயத்தில் கடந்த பத்தாண்டுகளில் நிறைய மாறியிருக்கிறது. பழைய நாட்களில் ‘தூங்க வைக்க ஒரு மாத்திரை’ கேட்டால் கிடைத்தது பெரும்பாலும் அசிப்ரோமசின். அது உடலைத் துவள வைக்கும். பயத்தைக் குறைப்பது சந்தேகம். கத்த முடியாமல், ஆனால் பயந்துகொண்டே கிடக்கும் பூனையைப் பார்த்து ‘நன்றாகத் தூங்குகிறது’ என்று குடும்பம் திருப்தி அடையும். இப்போது பயணத்துக்கு அதிகம் எழுதித் தரப்படுவது கேபாபென்டின். மனிதர்களுக்கு வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற அதே மருந்து. 20 பூனைகளிடம் சோதித்து 2017ல் வெளியான அமெரிக்க ஆய்வில், புறப்படுவதற்கு 90 நிமிடம் முன்பு ஒரு வேளை கொடுத்ததில் பயணப் பதற்றம் தெளிவாகக் குறைந்தது. இதன் நெருங்கிய உறவான பிரிகாபாலின், பூனைகளின் பயணப் பயத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட திரவமாக ஐரோப்பாவில் 2021லும் அமெரிக்காவில் 2023லும் அனுமதி பெற்றது. குமட்டலுக்கு மாரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது.

இவற்றில் எதையும் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது. எடை, சிறுநீரகத்தின் நிலை, இதய நோய் உண்டா என்பதைப் பொறுத்து அளவு மாறும். டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். சில பூனைகள் தள்ளாடும், சில இரண்டு மடங்கு சாப்பிடும், மிகச் சில எதிர்மாறாகத் துள்ளும். இதைக் கோலாப்பூர் பக்கத்து நெடுஞ்சாலையில் தெரிந்துகொள்வதைவிட வீட்டு ஹாலில் தெரிந்துகொள்வது மேல். ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. மனிதர்களுக்கான ஒரே ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

பூனையின் கன்ன வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து விற்கும் ஸ்பிரேயும் உண்டு. எல்லாப் பூனையும் அதற்கு மசிவதில்லை. ஆய்வு முடிவுகளும் இரண்டுவிதமாக இருக்கின்றன. கெடுதல் இல்லை என்பதால் முயன்று பார்க்கலாம். அடித்த உடனே பூனையை உள்ளே விடாமல், அதிலுள்ள ஸ்பிரிட் நெடி போகக் கால் மணி நேரம் விட வேண்டும். காசு மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்கள் ஒரு மென்மையான துணியால் பூனையின் கன்னத்தைத் தடவிவிட்டு அதையே கூடைக்குள் தேய்க்கலாம்.

சரி, புறப்படும் நாள். அன்றைக்குப் பயணத்தைவிட ஆபத்தானது காலை நேரம். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் கதவை விரியத் திறந்து வைத்திருப்பார்கள். பீரோவை இழுக்கும் சத்தத்தில் மிரண்ட பூனை மாடிப்படி வழியாக ஓடி மறைந்து, ரயில் டிக்கெட்டையோ வாடகை வீட்டின் சாவியையோ தள்ளிப்போட முடியாமல், பூனை இல்லாமலே கிளம்பிய குடும்பங்கள் உண்டு. முதல் நாள் இரவே பூனையைக் கூடை, தண்ணீர், மண் தட்டோடு குளியலறையில் விட்டுக் கதவில் ‘திறக்காதீர்கள்’ என்று இந்தியிலும் சேர்த்து எழுதி ஒட்டிவிடுவது உத்தமம். கடைசிச் சாப்பாடு புறப்படுவதற்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன்பு. தண்ணீரை நிறுத்தத் தேவையில்லை.

காரில் கூடைக்கு நல்ல இடம், முன்சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் தரை. பிரேக் போட்டால் நகராது, வெயில் படாது. மேலே ஒரு மெல்லிய பருத்தித் துண்டைப் போட்டு, காற்றுக்கு ஒரு பக்கம் விட்டு, மூன்று பக்கம் மூடலாம். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்கிறோம். காரில் போகும் பூனைக்கு இருண்டால்தான் நிம்மதி. எதிர்ப்பக்கம் விரைந்து ஓடும் லாரிகளைக் காட்டிலும் ஒரு துணியின் மங்கல் அதற்குப் பிடிக்கும். டாஷ்போர்டு வாசனைப் புட்டியை முதல் நாளே கழற்றிவிட வேண்டும். ஊதுபத்தி ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்படுவதுதான் முறை என்றால் அதைக் காருக்கு வெளியே முடித்துவிட்டுப் பூனையை ஏற்றலாம். பாட்டு வேண்டுமானால் மெதுவாக.

மடியில் வைத்துக்கொண்டு போகலாமே என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். கூடாது. மிரண்ட பூனை தேடுவது இருட்டான, குறுகலான இடத்தை. காரில் அப்படிப்பட்ட இடம் டிரைவரின் காலுக்கு அடியில், பிரேக் பெடலுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மும்பையிலிருந்து சென்னைக்குத் தேசிய நெடுஞ்சாலை 48 வழியாக ஏறக்குறைய 1,300 கி.மீ. புனே, சதாரா, கோலாப்பூர் கடந்தால் கர்நாடகம். பெலகாவி, ஹுப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, துமகூரு வழியாக பெங்களூர். அப்புறம் ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர். மனிதர்கள் மட்டும் என்றால் இரண்டு டிரைவர் வைத்து ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. பூனையோடு இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதுதான் நியாயம். சுமார் 500 கி.மீ.யில் வரும் பெலகாவியோ, அதைத் தாண்டி ஹுப்ளியோ இரவுத் தங்கலுக்குத் தோதானவை. அதிகாலையில் கிளம்பினால் முதல் நாளின் கஷ்டமான பகுதி வெயிலுக்கு முன்பே முடிந்துவிடும். கஷ்டமான பகுதி என்பது மலை ஏற்றங்கள். கண்டாலாவில் ஒன்று, புனேயைத் தாண்டி கம்பாட்கியில் ஒன்று. வளைவுகளில் கார் சாயும்போதுதான் பூனைக்குக் குமட்டல் உச்சத்துக்குப் போகிறது. டிரைவர் தன் திறமையைக் காட்ட வேறு சாலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் ஒரு மணி நேரம் பூனை அலறும். அடிவயிற்றிலிருந்து எழும் அந்த நீண்ட, தணிந்த ஓலத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதட்டினால் அதிகமாகும். எல்லோரும் சேர்ந்து கொஞ்சினாலும் அதிகமாகும். தெரிந்த குரல் ஒன்று இடையிடையே மெதுவாகப் பேசுவதும், கூடைக் கம்பி வழியாக ஒரு விரலை நீட்டுவதும் போதும். பெரும்பாலான பூனைகள் சீரான வேகத்தில் போகும் காரில் சற்று நேரத்தில் அடங்கிவிடும். டோல் கேட் வேகத்தடையில் மறுபடி ஒரு முறை ஆரம்பிக்கும்.

அலறல் காதுக்குத்தான் தொந்தரவு. உண்மையில் பயப்பட வேண்டிய அறிகுறி வேறு. “ஏங்க, நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்குது, வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நாய்க்கு மூச்சிரைப்பது இயல்பு, பூனைக்கு இல்லை. பயத்தின் உச்சமாகவோ, உடல் சூடேறியதாகவோ, மறைந்திருந்த இதய நோயாகவோ இருக்கலாம். நிழலில் நிறுத்தி, துணியை விலக்கி, ஏ.சி.யைக் கூட்டி, பாதங்களையும் காதுகளையும் சாதாரணத் தண்ணீரால் நனைக்கலாம். சில நிமிடங்களில் வாய் மூடவில்லை என்றாலோ, ஈறு நீலம் பாரித்தாலோ அடுத்த ஊரில் கால்நடை மருத்துவமனையைத் தேடுவதுதான் வேலை. தட்டை முகப் பாரசீகப் பூனை வளர்ப்பவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் மூச்சுக்குழல் அமைப்பே வெப்பத்துக்கு ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் அவற்றைத் தரைவழியே அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

நிறுத்திய காரில் பூனையை விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. பத்தே நிமிடம்தானே, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறோமே என்பார்கள். அமெரிக்காவில் 2005ல் வெளியான ஆய்வு ஒன்று, நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் ஏறும் வெப்பத்தில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிடுவதாகக் கண்டது. கண்ணாடியைச் சற்று இறக்குவதால் குறிப்பிடும்படியான பலன் இல்லை என்றும் கண்டது. பூனைக்கு வியர்ப்பது பாதங்களில் மட்டுமே. ஆகவே ஒருவர் சாப்பிட்டு வரும்வரை இன்னொருவர் ஏ.சி. ஓடும் காரில் இருக்க வேண்டும். இட்லி ஆறிப்போகும், வேறு வழியில்லை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று பாக்கி. தாபா வாசலில், ‘பாவம், கொஞ்சம் காற்று வாங்கட்டும்’ என்று யாரோ கூடையைத் திறக்கிறார்கள். லாரி ஒன்று ஏர் ஹாரன் அடிக்கிறது. ஒரே பாய்ச்சலில் பூனை கரும்புக் காட்டுக்குள். கூப்பிட்டால் வராது. பயந்த பூனை தன் பெயரையும் மறந்த மாதிரி நடந்துகொள்ளும். சென்னையில் வீட்டுச் சாமான் இறங்கும் நேரம் நெருங்க, மொழி தெரியாத ஊரின் ரோட்டோரத்தில் குடும்பம் திகைத்து நிற்கும்.

அப்படி நேர்ந்துவிட்டால் நெடுஞ்சாலை நெடுகிலும் காரில் தேடுவது வீண். காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி 2018ல் வெளியான ஆய்வில், திரும்பக் கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. அவை ஓடிப் போவதில்லை, ஒளிந்துகொள்கின்றன. புதர், கழிவுநீர்க் குழாய், தாபாவின் விறகுக் குவியல், நிற்கும் லாரியின் அடிப்பகுதி என்று அருகிலேயே, டார்ச் வெளிச்சத்தில், தரையோடு குனிந்து தேட வேண்டும். கூடையைத் திறந்து, உள்ளே பழந்துணியோடு, தப்பிய இடத்திலேயே வைத்துவிட்டு, ஆரவாரம் அடங்கும் நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதியிருந்தால் தாபா பையன்கூடக் கூப்பிட்டுச் சொல்வான். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் நல்லதுதான். ஆனால் அதைப் படிக்கும் கருவி நெடுஞ்சாலையில் யாரிடமும் இருக்காது. கையில் பிடிக்கும்போது பூனை கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு டாக்டரைப் பார்ப்பது அவசியம். சொந்தப் பூனைதானே என்ற சலுகை கிடையாது.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ஒரே விதிதான். எல்லாக் கதவும் கண்ணாடியும் மூடிய பிறகே கூடை திறக்க வேண்டும். மற்ற நேரத்தில் யார் கெஞ்சினாலும் திறக்கக் கூடாது.

வழியில் பூனை மண் தட்டைத் தேடாது. பல பூனைகள் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு, இரவு லாட்ஜ் அறை அமைதியான பிறகே போகும். கூடையில் குழந்தைகளுக்கு விரிக்கும் உறிஞ்சு விரிப்பைப் போட்டு, மாற்றுக்கு நாலைந்து வைத்துக்கொண்டால் விபத்துகளைச் சமாளிக்கலாம். அறையை முன்பதிவு செய்யும்போதே பூனை உண்டு என்று சொல்லிவிடுவது நல்லது. ராத்திரி பத்து மணிக்கு மேனேஜரோடு வாக்குவாதம் செய்யும் தெம்பு யாருக்கும் இருக்காது. அறைக்குள் போனதும் முதல் வேலை ஜன்னலையும் கட்டில் அடியையும் பார்ப்பது. பெட்டி போல அடைத்த கட்டிலில் சின்னச் சந்து இருந்தால் காலையில் கட்டிலையே பிரிக்க வேண்டி வரும். பூனைக்குக் குளியலறையே போதும். வீட்டில் பயன்படுத்திய மண்ணில் ஒரு பை எடுத்துவந்து தட்டில் கொட்டினால் அந்த நெடியே அதற்கு ஆறுதல்.

அன்றிரவு அது சாப்பிடாவிட்டாலும் பதற வேண்டியதில்லை. ஆனால் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எதுவும் சாப்பிடாத பூனைக்கு, முக்கியமாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை 24 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லை, தட்டில் உட்கார்ந்து முக்கி முனகுகிறது என்றால் அடைப்பாக இருக்கலாம். டாக்டரிடம் ஓட வேண்டிய அவசரம் அது.

காரே வேண்டாம் என்பவர்களுக்கு ரயிலில் முதல் வகுப்புக் கூபேயை முழுவதுமாகப் பதிவு செய்யும் வழி உண்டு. செலவு கையைக் கடிக்கும். விமானத்தில் ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து சிறு பிராணிகளைப் பயணிகளோடு கேபினில் அனுமதிக்கத் தொடங்கியது. பயந்த பூனைக்கு இரண்டு மணி நேர விமானம் இரண்டு நாள் காரைவிட மேல் என்று நினைக்கலாம். விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் பூனையைக் கூடையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

சென்னை வந்தாகிவிட்டது. புது வீட்டில் உறவினர்கள் காத்திருக்கிறார்கள். குழந்தைகள் பூனையைப் பார்க்கத் துடிக்கிறார்கள். பால் காய்ச்ச அடுப்பு மூட்டியாகிவிட்டது. பூனைக்கு இவை எதுவும் வேண்டாம். அதற்கு வேண்டியது ஒரே ஓர் அறை, மூடிய கதவு, ஓர் அட்டைப்பெட்டி. நெதர்லாந்தின் காப்பகம் ஒன்றில், புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2014ல் வெளியான அந்த ஆய்வின்படி, பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிடச் சீக்கிரமாகப் புது இடத்துக்குப் பழகின. டி.வி. வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு மாதம் பொறுக்கலாம்.

செம்பூர் வீட்டின் பழைய படுக்கை விரிப்பைத் துவைக்காமல் அந்த அறையில் போட்டு, கூடையையும் கதவு திறந்தபடி அங்கேயே வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரமாவது வெளிக்கதவுப் பக்கம் விடக் கூடாது. பழைய வீட்டைத் தேடிக் கிளம்பினால் அது 1,300 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஒரு நாளோ ஐந்து நாளோ, எல்லோரும் தூங்கிய பிறகு அது பெட்டியிலிருந்து இறங்கி, அறையின் நான்கு மூலையையும் முகர்ந்து, கதவு நிலையில் கன்னத்தை ஒரு முறை தேய்க்கும். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். கூடையைப் பரணில் ஏற்ற அப்போதும் அவசரப்பட வேண்டாம். அதற்குள் பூனை தூங்கிக்கொண்டிருக்கக் கூடும்.